ஏறுவதற்காக வாங்கிய சைக்கிள்

என் கணவருக்கு முதன்முதலாக நெஞ்சு வலித்தது அடையாற்றுப் பாலத்தின் மேல். சனிக்கிழமைக் காலை, திருவான்மியூர் வரை சைக்கிளில் போய்விட்டு மயிலாப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாலத்தின் ஏற்றத்தில் இடது தோள் இழுத்துப் பிடித்திருக்கிறது. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தவர், அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"ஒண்ணுமில்ல. ஒரு ஆட்டோ பிடிச்சு வரியா? சைக்கிள் பூட்டுச் சாவிய மட்டும் எடுத்துட்டு வா."

நானும் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்து கிடந்தது. முகம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. அந்த வழியாகப் போன தயிர் வியாபாரி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். சைக்கிளைப் பூட்டவேயில்லை. அதே ஆட்டோவில் அவரை ஏற்றி மருத்துவமனைக்குப் போனோம். அன்று மாலைக்குள் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் தேறிவிட்டார். நான்தான் தேறவில்லை. ராயப்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வழக்கம்போலப் போய்வந்தார். நானும் அடையாறில் என் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டிருந்தேன். மூன்றாவது மாடிக்கு அவர் ஏறிவரும் காலடிச் சத்தத்தை உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு படியில் நின்றால் கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பேன். பெரும்பாலும் செருப்பில் ஒட்டிய எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருப்பார்.

சமதரையில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், ஏற்றத்தில் மூச்சுமுட்ட மிதிப்பதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் அவரை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர். வியாதிக்குப் பிறகு மலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதில் நிம்மதிதான். அந்த நிம்மதி ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் காபியைக் குடித்துக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினார். தடித்த சக்கரமும் கனத்த சட்டமுமாக ஒரு சைக்கிள் படம்.

"மோட்டார் வச்ச மலை சைக்கிள். நாம மிதிக்கறதுக்கு அது கூட சேர்ந்து தள்ளும். மோட்டார்தான் ஏறப்போகுது. நான் சும்மா காலச் சுத்திட்டு இருப்பேன், அவ்ளோதான்."

"டாக்டர் ஒத்துக்க மாட்டாரு."

"கேட்டுட்டேன். நாடித்துடிப்பு நூத்திருபதத் தாண்டினா எறங்கி நின்னுடணும்னு சொன்னாரு. மத்தபடி தாராளமா போங்கன்னுட்டாரு."

என்னிடம் சொல்லாமலேயே கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மலைப்பாதையில், ஆளில்லாத ஒரு வளைவில், தயிர் வண்டிக்காரர்கூட இல்லாத இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு காட்சி கண்முன்னே வந்தது. போதாக்குறைக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். விழுந்து எங்காவது அடிபட்டால் ரத்தம் நிற்காது.

"நீங்க போனா நானும் வருவேன்" என்றேன். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நான் சைக்கிளைத் தொட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப ரெண்டு பாக்கணும்" என்றார்.

கடை தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்திலிருந்து திருவல்லிக்கேணியில் சாதாரண சைக்கிள் விற்ற குடும்பம். இவர்தான் மின்சார சைக்கிள் என்று கிளம்பி இங்கே தனிக்கடை போட்டிருந்தார். போனில் வீட்டோடு உருதுவில் பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவந்தார்.

"இன்னா சார், பீச் ரோட்ல ஓட்டவா, ஆபீஸ் போவவா?"

"மலை ஏற."

"மலையா? நம்ம மெட்ராஸ்ல மலை எங்க சார் கீது? கத்திப்பாரா பாலந்தான் கீது."

சிரித்தபடியே இரண்டு வண்டிகளை வெளியே எடுத்துவைத்தார். ஒன்றில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருந்தது. மற்றதில் பெடல் சுற்றும் இடத்திலேயே சட்டத்துக்குள் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும், சட்டத்துக்குள் இருப்பது கொஞ்சம் அதிக நாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். அந்தச் சந்தில் இரண்டையும் ஓட்டிப்பார்த்தோம். சந்து தட்டையாக இருந்ததால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடின. என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடைக்காரரே இரண்டு வண்டிகளையும் 'சின்ன யானை' லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு பரங்கிமலைக்கு வந்தார்.

பரங்கிமலைக்கு நான் சிறுவயதிலிருந்து போகிறவள். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து தவக்காலத்தில் படியேறிப் போவோம். மலைக்கோயிலுக்குக் கார் போகும் சாலையில் மாதாவை இவ்வளவு உருக்கமாக நான் கூப்பிட்டது அன்றுதான். முதலில் அவர் சக்கரத்தில் மோட்டார் வைத்த வண்டியில் ஏறினார். நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். பாதித் தூரத்தில் சாலை செங்குத்தாகத் திரும்பும் இடத்தில் அந்த மோட்டார் திணற ஆரம்பித்தது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதற்குப் பலம் வராது போலிருக்கிறது. அது தள்ளாத குறைக்கு அவர் காலால் அழுத்தினார். "எவ்ளோ?" என்று கத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து "நூத்திப்பதினஞ்சு" என்றார். அடுத்த நிமிஷம் "நூத்திருபத்திரெண்டு" என்றார்.

"எறங்குங்க. எறங்கிடுங்க."

இறங்கிவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் என் துடிப்பு எவ்வளவு இருந்திருக்குமோ, அதைச் சொல்ல என் கையில் கடிகாரம் இல்லை.

அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகுதான் இரண்டாவது வண்டியைத் தொட அனுமதித்தேன். அந்த வண்டியின் மோட்டார், கியரோடு சேர்ந்து வேலை செய்கிறது. சின்ன கியரைப் போட்டால் மோட்டாருக்கும் சுமை குறைகிறது, காலுக்கும் குறைகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதை உணர்ந்து அதற்கேற்ப உதவுகிறது. அதே செங்குத்தான இடத்தில் அவர் உட்கார்ந்தபடியே, சந்தையில் கீரை பார்த்துக்கொண்டு போகிறவரைப்போல, ஏறிப்போனார். "தொண்ணூத்தெட்டு" என்று மேலிருந்து குரல் வந்தது.

அதைத்தான் வாங்கினோம். அதே வண்டியில் சின்னச் சட்டம் எனக்கு. மலைக்குப் போதவேண்டுமே என்று பெரிய பேட்டரியாகப் போடச் சொன்னார் என் கணவர். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். ஏறுவதற்கு எது எது வேண்டுமோ எல்லாவற்றையும் கேட்டோம். பிரேக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "டிஸ்க் பிரேக்குதான் மேடம், பைக்குல வர்ற மாதிரி, எண்ணெய்ல வேலை செய்யும்" என்று கடைக்காரர் சொன்னது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பயம் வேறு பக்கமாகக் கிளம்பியது. பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்து கூடத்தில் சார்ஜ் போட வேண்டும். லித்தியம் எப்படி எரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தெரியாதவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். நான் சார்ஜ் ஏறும்வரை அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பால்கனியில் ஒரு வாளி மணல் வைத்தேன். கீழ்வீட்டு மாமி படிக்கட்டில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆத்துல பேட்டரிய சார்ஜ் போட்டுண்டு இருக்கேளாமே. வெடிக்கும்கறாளே, பயமா இல்லையோ?"

"பயமாத்தான் இருக்கு மாமி" என்றேன். மாமி அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் காலை வேளைகளில் நான் பழகினேன். வண்டி கனம். சாய்ந்தால் தூக்கி நிறுத்த என் பலம் முழுக்க வேண்டியிருந்தது. மோட்டார் முதல் தடவை தள்ளியபோது பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்தாற்போலத் திடுக்கிட்டேன். ஒரு மாதத்தில் சாந்தோம் சாலையின் பேருந்துகளுக்கு நடுவே போய்வரும் அளவுக்குத் தைரியம் வந்தது. தைரியம் என்றால், கை நடுங்காமல் பயப்படும் அளவுக்கு.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஏலகிரிக்குப் போனோம். காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு, முந்தினநாளே அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். ஒப்பந்தம் இதுதான். அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் அவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"நூத்திரெண்டு."

"சரி."

"நூத்தியேழு."

"மெதுவா போங்க."

"தொண்ணூத்தொம்போது. குரங்கு இருக்கு பாரு, வலது பக்கம்."

குரங்கை நான் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. அந்த ஏற்றம் முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்தேன். இரண்டு தோளும் சமமாக அசைகிறதா, இடது கை கைப்பிடியில் இருக்கிறதா, கழுத்தில் வியர்வை அளவாக இருக்கிறதா. அன்று அவர் நீலப் பனியன் போட்டிருந்தார். அதில் வியர்வை பரவிய வடிவத்தை இன்றைக்கும் என்னால் வரைந்துகாட்ட முடியும்.

ஒரு தடவைகூட நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றுகொண்டிருந்தார். "வந்துட்டேன்" என்றார். ஒரு சின்னக் கடையில் இட்லி சாப்பிட்டோம். அவர் மூன்று இட்லிக்கு மேல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, பாலத்தில் அவரைப் பார்த்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நானும் பசியோடு சாப்பிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். இனி இறங்குவதுதானே. இறங்குவதில் நெஞ்சுக்கு என்ன சிரமம்.

இறங்கும்போதும் அவர்தான் முன்னால் போனார். அவர் பழகியவர். நேராக இருக்கும் இடத்தில் வண்டியை ஓடவிட்டு, வளைவு வருமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, திரும்பியதும் மறுபடி விட்டுவிடுவார். எனக்கு அப்படி ஓடவிட மனசு வரவில்லை. கிளம்பிய நொடியிலிருந்து இரண்டு கைகளாலும் பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தேன். லாரிக்கும் பேருந்துக்கும் இறக்கத்தில் கியர் பிடித்து நிறுத்தும். சைக்கிளுக்கு அது கிடையாது. என் எடையும் அந்தக் கனமான வண்டியின் எடையும் அந்த இரண்டு சின்னப் பிரேக் தகடுகளின் மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தன. அது அப்போது எனக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டிருந்தால் பத்திரம் என்று மட்டும்தான் தெரிந்தது.

மூன்று நான்கு வளைவு தாண்டியதும் ஒரு வாடை வந்தது. சோதனைக்கூடத்தில் ரப்பர் குழாய் தீயில் பட்டால் வருமே, அந்த வாடை. காட்டில் யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு முன்சக்கரம் கீச்சென்று கத்தியது. கத்தல் நின்றபோது நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் வழக்கத்தைவிட உள்ளே போயிற்று. அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே. அதன் பிறகு வந்த நீண்ட இறக்கத்தில் லீவர் வெண்ணெய்போல நழுவிப் போய்க் கைப்பிடியைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை அழுத்தினேன். அதுவும் தொட்டது.

அந்த நொடியில் பயம்கூட வரவில்லை. ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. காற்றின் சத்தம் மட்டும் காதில் ஏறிக்கொண்டே போயிற்று. அவருடைய முதுகு நெருங்கி வந்தது. எப்போதும் எனக்கு முன்னால் ஒரே அளவில் தெரிந்த அந்த நீல முதுகு பெரிதாகி, பக்கத்தில் வந்து, பின்னால் போய்விட்டது. தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லயே, கெளம்பிட்டியே" என்றார்.

நான் கத்தவில்லை. "பிரேக் பிடிக்கல" என்ற இரண்டே வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. கத்தினால் அவர் பதறுவார், துரத்துவார், அந்த எண் எங்கேயோ போய்விடும் என்று தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

கீழே வளைவு தெரிந்தது. வளைவுக்கு அப்பால் சின்னத் தடுப்புச்சுவர், அதற்கப்பால் வானம். ஏறிவரும் பேருந்து ஒன்றின் ஹாரன் கேட்டது. செருப்பில்லாமல் ஷூ போட்டிருந்தது ஞாபகம் வந்து இரண்டு காலையும் தரையில் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மலைப்பக்கமாகச் சாலையோரத்தில் மழைநீர் ஓடும் பள்ளம் இருந்தது, அதில் இலைச்சருகும் மண்ணும் குவிந்திருந்தன. மாதாவே என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியாது. கைப்பிடியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

சருகு, மண், ஒரு பெரிய வெளிச்சம். பிறகு நான் மலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வண்டி எனக்குக் கொஞ்சம் தள்ளிப் பின்சக்கரம் சுற்றக் கிடந்தது. சூடான தகடு ஈரச் சருகில் பட்டு உஸ்ஸென்று புகைந்துகொண்டிருந்தது. இடது மணிக்கட்டு இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. வலி இன்னும் வரவில்லை. பேருந்து வளைவைக் கடந்து வந்து நின்றது.

அவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கடிகாரத்தைத் திருப்பினேன். நூற்று முப்பத்தெட்டு.

"உக்காருங்க. முதல்ல உக்காருங்க."

கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "என் கையப் பாக்காத. உன் கையப் பாரு" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "பிரேக் போச்சுன்னு ஏன் சொல்லல? என்னத் தாண்டித்தான போன?"

"கத்துனா உங்களுக்கு..."

"எனக்கு என்ன? சொல்லு, எனக்கு என்ன? ஒரு பக்கம் நீ பள்ளத்துல போயிருப்ப, நான் பின்னாடி சிரிச்சிக்கிட்டே வந்திருப்பேன்."

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். சாம்பல் நிறம் இல்லை. சிவந்துதான் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய நடத்துநரும் இன்னும் இரண்டு பேரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒரு அம்மாள் தன் துப்பட்டாவை மடித்து என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பால்வண்டியில் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அனுப்பினார்கள். அதற்குள் வலி வந்துவிட்டது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு மயிலாப்பூருக்கு வந்தோம். மூன்றாம் நாள் காலையில், வண்டி இரண்டையும் விற்றுவிடலாம் என்றார்.

நான் சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் வேண்டிக்கொண்டதே அதுதான். ஆனால் கட்டிலில் கிடந்த அந்த நாட்களில் இரண்டு விஷயம் என்னை விடவில்லை. ஒன்று, அந்த நூற்று முப்பத்தெட்டு. எந்த எண்ணுக்காக நான் வாயை மூடிக்கொண்டு போனேனோ அந்த எண் வந்தது, வந்து, கீழே இறங்கியும் விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் டாக்டரும் பரிசோதித்துவிட்டு அதைத்தான் சொன்னார். இன்னொன்று அந்த லீவர். அது ஏன் வெண்ணெயாயிற்று என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் விற்றுவிட்டால் வாழ்நாள் முழுக்க அது என் கனவில் நழுவிக்கொண்டே இருக்கும்.

"விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைக்குப் போலாம்" என்றேன்.

மாவுக்கட்டைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் வெளிறிவிட்டது. "யா அல்லா, இன்னா மேடம் இது?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டார். நடந்ததைச் சொன்னோம். முன்சக்கரத்தைக் கழற்றினார். வெள்ளையாக மின்னவேண்டிய தகடு மயில்கழுத்து நிறத்தில் நீலமும் பழுப்புமாக மாறியிருந்தது. தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஒண்ணு சொல்றேன் மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்றார் கடைக்காரர். "நான் இதுவரைக்கும் மலைக்கு வண்டி எடுத்துனு போனதே இல்ல. நீங்க மேல ஏர்ரதுக்குக் கேட்டீங்க, நானும் ஏர்ரதுக்குத்தான் குடுத்தேன். எறங்கறது என் மண்டைல ஏறல."

எங்கள் மண்டையிலும் ஏறவில்லை என்றார் என் கணவர். மூன்று பேரும் அந்தச் சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என் கணவர் ஏற்கெனவே மலைக்குப் போய்ப் பழகிய தன் நண்பர்களிடம் போனில் கேட்க, கடைக்காரர் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களைத் தேடிப் படிக்க, நான் புரிந்ததைச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாயிற்று. இடைவிடாமல் பிடித்தால் தகடு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சூடு எண்ணெய்க்குப் போகிறது. எண்ணெய்க்குள் குமிழி உண்டாகிறது. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, பிரேக்கைத் தள்ளும். குமிழியை அழுத்தினால் சுருங்கிவிடும். என் பயம்தான் இரண்டு கைகளின் வழியாகப் போய் அந்தப் பிரேக்கைக் கொதிக்கவைத்திருக்கிறது.

விற்கவில்லை. இரண்டு வண்டிக்கும் மாற்றினோம். முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய தகடு, பின்னால் அதைவிடக் கொஞ்சம் சின்னது. அழுத்திப் பிடிக்கும் பகுதியில் இரண்டுக்குப் பதிலாக நான்கு பிஸ்டன். சூட்டைத் தாங்கும் உலோகப் பேடு. புது எண்ணெய். டயரை ஓரத்தில் ஆழமாகப் பல்வைத்ததாக மாற்றினோம். ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை தாழும்படி எனக்கு ஒரு கம்பி பொருத்தினார் கடைக்காரர். இறங்கும்போது தாழ்த்திக்கொண்டால் கால் தரையில் எட்டும். அதை வேண்டுமென்று கேட்டவள் நான்தான். சாமான்கள் எல்லாம் வந்துசேர்ந்து, என் கை கூடி, பிசியோதெரபி முடிவதற்குள் மழைக்காலம் போய் மார்கழியும் போய்விட்டது.

புதுப் பேடு தகடோடு பழக வேண்டும். அதற்காகப் பரங்கிமலைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு தடவை கொஞ்சம் வேகம் எடுத்து அழுத்திப் பிடித்து விட்டேன். பிடி, விடு, பிடி, விடு என்று பக்கத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டே வந்தார். விடுவதுதான் கஷ்டம். பிடிப்பது என் கைக்குத் தானாக வருகிறது. விடச் சொன்னால் விரல்கள் கேட்பதில்லை. ஒவ்வொரு தடவை விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தபோது, மறுபடி அந்தக் காற்றின் சத்தம் காதில் ஏறுவதுபோல இருக்கும். பிடித்தால் நின்றது. நின்றாலும் என் உடம்பு அதை நம்பவில்லை.

மாசியில் மறுபடி ஏலகிரிக்குப் போனோம். ஒப்பந்தத்தை அவர் மாற்றினார். எண் சொல்வது ஏற்றத்தில் மட்டும். இறக்கத்தில் எனக்கு எது தோன்றினாலும் கத்த வேண்டும். "சின்ன விஷயமா இருந்தாலும் கத்து. நான் செத்துப்போயிட மாட்டேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் தலையாட்டினேன்.

மேலே போய்ச் சேர்வதில் ஒரு சிரமமும் இல்லை. இட்லி எனக்குத்தான் இறங்கவில்லை. கிளம்பலாமா என்று அவர் கேட்டபோது, இன்னொரு காபி குடிக்கலாம் என்றேன். அதன் பிறகு கழிவறைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். வளைவுக்கு வளைவு நின்றேன். நின்று பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைத் தகட்டில் விட்டுப் பார்த்தேன். உஸ்ஸென்றால் ஆறும்வரை காத்திருப்பேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதோ நான்காவதோ வளைவில் ஒரு குரங்கு சுவரிலிருந்து சாலையில் குதித்தது. நான் கத்தினேன். மலை எதிரொலிக்கும்படி, தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே பிரேக்கைப் பிடித்தேன், வண்டி குரங்குக்கு முன்னால் நின்றது. குரங்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "என்னாச்சு?"

"குரங்கு."

"நல்லா கத்துன" என்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் விழுந்த இடத்துக்கு முந்தைய அந்த நீண்ட இறக்கம் வந்தது. தூரத்திலிருந்தே தடுப்புச்சுவரும் அதற்கப்பால் வானமும் தெரிந்தன. பிரேக் நன்றாக இருந்தது, தகடு ஆறியிருந்தது, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வண்டியை நிறுத்தினேன். இறங்கிவிட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு, மலைப்பக்கமாக, அந்த வளைவு முடியும்வரை நடந்தே போனேன். அவரும் இறங்கி, சாலைப் பக்கமாக எனக்கு இணையாக நடந்தார். வளைவு தாண்டியதும் நான் மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

அடிவாரத்துக்கு வந்தபோது விரல்களை நீட்ட முடியவில்லை. பிரேக்கைப் பிடித்த வடிவத்திலேயே மடங்கியிருந்தன. என் ஹெல்மெட்டை அவர்தான் கழற்றிவிட்டார். சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தோம். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு குடித்த என்னைக் கடைக்கார அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேலேர்ந்து வறீங்களா?"

"ஆமாம்மா."

"மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. எறங்கறதுக்கு இம்புட்டுப் பயப்படறவங்க எதுக்கு சைக்கிள்ல வரணும்? பஸ்ல வந்திருக்கலாமில்ல?"

"வந்திருக்கலாம்" என்றேன்.

பேட்டரியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, மறுபடி ஒரு தடவை ஏறலாமா என்று அவர் என் காதருகே கேட்டார். முடியாது என்றேன். சரி என்று எழுந்துபோய், ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கிக் காரின் பின்னால் கட்ட ஆரம்பித்தார். கனமான வண்டி. ஒரு முனையைப் பிடிக்க நானும் எழுந்து போனேன்.